நைட்ரஜன் கேனும் தம்பியின் வேர்க்குருவும்

வானவெளி பயங்கரக் குளிர் என்று எனக்கு முதலில் சொன்னவர் என் மாமா. அதைச் சொன்னபோது அவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கரண்ட் போன வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். மே மாதம். நான் நான்காம் வகுப்பை முடித்திருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஊர் ஊராகப் போய்ப் போர் போடுகிற, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். அந்த வருஷம் கம்பி கிழித்து இடது கையில் தையல் போட்டதால் சீசன் நடுவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் அப்பாவும் அதே வண்டியில்தான் டிரைவர். ஆனால் அப்பாவுக்குக் கை நன்றாக இருந்ததால் அவர் வரவில்லை.

"மேல வானத்துக்குப் போனீன்னா ஒரே நிமிசம்தான் அம்மிணி. அப்படியே வெறச்சு ஐஸ்கட்டி ஆயிருவ" என்றார் மாமா.

"ஏனுங்க மாமா?"

"அங்க ஒண்ணுமே கெடையாதல்ல? காத்து இல்ல, மண்ணு இல்ல, ஒரு தூசி கூட இல்ல. ஒண்ணுமில்லாத எடம் குளுரத்தான செய்யும்? பூட்டிக் கெடக்கற ஊட்டுக்குள்ள போனா சில்லுனு இருக்கறதில்லையா? அதாட்ட."

இது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. எங்கள் தெருவில் சேலத்துக்குக் குடிபோனவர்கள் பூட்டிவிட்டுப்போன வீடு ஒன்று இருந்தது. அதன் உடைந்த ஜன்னலில் முகத்தை வைத்தால் நிஜமாகவே சில்லென்று இருக்கும். எங்கள் வீட்டில் ஆளும் பீரோவும் கட்டிலும் நிறைந்திருந்ததால்தான் இவ்வளவு புழுக்கம் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அம்மா அரசாங்கத்தில் கால்நடை ஆய்வாளர். வெண்ணந்தூர் பக்கத்துக் கிளை நிலையம் ஒன்றில் வேலை. மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது, காது வில்லை மாட்டுவது எல்லாம் உண்டு என்றாலும் முக்கியமான வேலை சினை ஊசி போடுவதுதான். முதலில் ஒரு பொம்பளை இந்த வேலைக்கு வருவதா என்று தோட்டத்துக்காரர்கள் கொஞ்சம் நெளிந்தார்களாம். ஓர் ஆண்டுக்குள் பழகிவிட்டது. நான் விவரம் தெரிந்து பார்த்தபோது, "மாடு கத்துதுங்க சாமி, வெரசா வாங்க" என்று விடிவதற்கு முன்பே போன் வந்துகொண்டிருந்தது. பருவத்துக்கு வந்த மாடு விடாமல் கத்தும்; அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும்.

சினை ஊசிக்கான விந்து மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகளில் அடைக்கப்பட்டு வரும். அதைத் திரவ நைட்ரஜனில் முக்கியே வைத்திருக்க வேண்டும். நிலையத்தில் இடுப்புயரத்துக்குப் பெரிய கேன் ஒன்று இருந்தது. ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்து எடுத்துப்போக மூன்று லிட்டர் பிடிக்கிற சிறிய கேன் ஒன்று. அந்தச் சிறிய கேன் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். பார்க்க வெள்ளைக் குடம் மாதிரி இருக்கும். குறுகலான கழுத்து. கழுத்தில் தெர்மாகோல் மூடி, திருகாமல் சும்மா செருகியபடி. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று அம்மா சொல்வாள். ஆனால் வெளியே தொட்டால் சாதாரணப் பாத்திரம்போல் இருக்கும். இது எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"கேனுக்கு ரெண்டு சுவரு இருக்குது. நடுவுல ஒண்ணுமில்ல. காத்தக்கூட உறிஞ்சி எடுத்துட்டாங்க" என்றாள் அம்மா, ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே.

அவள் அவசரத்தில் சொன்ன பதிலும் மாமா நுங்கு தின்றுகொண்டே சொன்ன பதிலும் என் தலைக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடம் குளிரும். ஆக, கேனைக் குளிர வைப்பது உள்ளே இருக்கும் நைட்ரஜன் அல்ல, நடுவில் அடைத்து வைத்திருக்கும் அந்த ஒன்றுமில்லாததுதான்.

மாமா இன்னொரு வேலையும் செய்தார். அம்மா வெளியே போயிருந்த ஒரு நாள், ஒரு செம்பருத்திப் பூவைக் கம்பியில் கட்டிக் கேனுக்குள் இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து வாசற்படியில் தட்டினார். பூ கண்ணாடிபோல் சலசலவென்று நொறுங்கிச் சிதறியது. சிவப்புத் தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "அக்காகிட்டச் சொல்லிராத" என்றார். "இதுக்கே இப்படின்னா பாத்துக்க. வானத்துல இத விடக் குளுரு."

அந்த மே மாதம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீடு கான்கிரீட் கூரை வீடு. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் எங்கள் மேல் கொட்டும். தம்பிக்கு அப்போது எட்டு மாதம். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு செக்கச்செவேலென்று பூத்திருந்தது. நுங்குத் தண்ணீர் தடவிப் பார்த்தாள் அம்மா. சந்தனம் பூசிப் பார்த்தாள். அவன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அழுவான், தொண்டை கட்டியதும் நிறுத்துவான், மறுபடி அழுவான்.

ஒரு நாள் மத்தியானம் அம்மாவுக்கு ராசிபுரத்தில் மீட்டிங். கேனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். மீட்டிங் முடிந்து வந்ததும் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. மாமா எங்களைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவரோ கைக்கட்டை மாற்றிக்கொண்டு அரை மணி நேரத்தில் வாரேன் என்று சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கரண்ட் இல்லை. அனல் காற்று உள்ளே வராதபடி ஜன்னல்களை அம்மா சாத்திவிட்டுப் போயிருந்தாள். தம்பி தரையில் பாயில் கிடந்து அழுதான். நான் விசிறினேன். கை வலித்தது. இன்னொரு கையால் விசிறினேன். அதுவும் வலித்தது. மூலையில் கேன் இருந்தது. இவ்வளவு குளிரை உள்ளே வைத்துக்கொண்டு நாம் ஏன் விசிற வேண்டும் என்று தோன்றியது.

கேனின் தோள்பட்டையில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். தொடக்கூடாது என்று சொல்லும் இடத்தில்தான் அந்த ஒன்றுமில்லாதது இருக்கும் என்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கறுப்பு மூடி கையிலேயே வந்துவிட்டது. அதற்குள் ஒரு சிறிய அடைப்பான். மாமாவின் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, கேனை இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை வந்துவிட்டது.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல. குளிர் வெளியே வருகிறது என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உண்மையில் அறையின் காற்றுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்போது அது எனக்குத் தெரியாது. சத்தமும் நின்றுவிட்டது.

ஏமாற்றமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கேனின் வெளிப்பக்கம் வியர்க்க ஆரம்பித்தது. வியர்வை வெள்ளையாகி உறைபனியாயிற்று. கழுத்து மூடியைச் சுற்றிப் புகை வந்தது. மூடியை எடுத்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வழிந்து கேனின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு தரைக்கு இறங்கியது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கேனைத் துண்டால் பிடித்து இழுத்துத் தம்பியின் தலைமாட்டில் ஸ்டூலில் வைத்தேன். புகை பாய்மேல் பரவியது. தரையில் கால் வைத்தால் ஜில்லென்றிருந்தது. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி கொஞ்ச நேரம் புகையைப் பிடிக்கப் பார்த்தான். பிறகு சிணுங்கினான். பிறகு அதையும் நிறுத்தினான். ஒரு வாரமாகத் தூங்காத குழந்தை தூங்கிவிட்டது. அம்மா வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். கதவைத் திறந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். அடுத்த கணம் செருப்புக்காலோடு உள்ளே பாய்ந்து தம்பியை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். "வெளியே வாடி! வெளியே வா!" என்று அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் தம்பியின் கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலில் பட்டுப்பட்டென்று அடித்தாள். அவன் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவதோ நான்காவதோ அடியில் அவன் வாயைத் திறந்து வீறிட்டான்.

எனக்குக் கோபமாக வந்தது. எத்தனை பாடுபட்டு அவனைத் தூங்க வைத்திருக்கிறேன். இவள் அடித்து எழுப்புகிறாள்.

அம்மா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்தாள். அவன் வழக்கம்போல் குடித்தான், குடித்துக்கொண்டே அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். தோல் கையுறையை மாட்டிக்கொண்டு கேனை வாசலுக்குத் தூக்கிவந்தாள். கேன் முழுக்க உறைபனி.

அப்போதுதான் போன் அடித்தது. தோட்டத்துக்கார அக்கா. அவளுடைய மாடு இரண்டு தடவை சினை நிற்காமல் போனது. மாட்டை விற்றுவிடலாம் என்று அவள் வீட்டில் பேச்சு. தரகர் ஏற்கனவே ஒருமுறை வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். போனில் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"காத்தாலயிருந்து கத்திக்கிட்டே இருக்குதுங்க. இந்தத் தடவையும் நிக்கலீன்னா ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க சாமி."

அம்மா கேனுக்குள் அளவுகோலை விட்டு அளந்தாள். சாணளவுகூட இல்லை. அது இன்னும் ஒரு மணி நேரத்தில் கொதித்துத் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அதிலிருக்கும் குச்சிகள் எல்லாம் பாழ். பெரிய கேன் இருக்கும் நிலையம் எட்டுக் கிலோமீட்டர். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "டீ பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

எங்கள் வீட்டில் எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று இருந்தது. அப்பா லாரியில் போகும்போது டீ எடுத்துப்போக வாங்கியது. அம்மா அதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கேனைச் சாய்த்து நைட்ரஜனை ஊற்றினாள். பிளாஸ்க் சீறியது, துப்பியது, புகையைக் கக்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இடுக்கியால் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண் இமைக்கும் நேரத்தில் பிளாஸ்க்குக்குள் மாற்றினாள். நான் பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே குளிரவே இல்லை.

அதற்குள் மாமா புதுக் கைக்கட்டோடு வந்து சேர்ந்தார். அம்மா அவரைத் திட்டவில்லை. தம்பியை அவர் மடியில் வைத்தாள். "உள்ள கொண்டு போயிராத. மரத்தடியிலயே வெச்சிரு. தூங்க உடாத. ஒரு மணி நேரத்துல வந்தர்றேன், கண்ண எடுக்காம பாத்துக்க" என்றாள். மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டார்.

நான் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் பிளாஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். "மூடியத் திருகிராத. திருகுனா வெடிச்சிரும். சும்மா மேல வெச்சுப் புடி" என்று அம்மா மூன்று முறை சொன்னாள். மூன்று மணி வெயில். தார்ரோடு கானலில் நெளிந்தது. மரவள்ளிக் காடும் கோழிப் பண்ணைகளும் பின்னால் போயின. என் மடியில் பிளாஸ்க் மெல்லப் புகைந்துகொண்டு வந்தது. எதிரே மொபெட்டில் வந்த ஒருவர் என்னமோ கொதிக்கிற டீ கொண்டுபோகிறோம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

தோட்டத்தில் மாடு கட்டுத்தறியில் தயாராக நின்றது. அம்மா ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டாள். பிளாஸ்க்கிலிருந்து ஒரு குச்சியை எடுத்து உதறி, வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் அரை நிமிஷம் முக்கினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரிக் குளிரிலிருந்து மாட்டின் உடம்புச் சூட்டுக்கு அரை நிமிஷத்தில் அது வந்து சேர்ந்துவிட வேண்டும், அதில் இருக்கும் உயிரும் சாகக்கூடாது. வேலை முடிந்ததும் கைகழுவ அந்த அக்கா தண்ணீர் ஊற்றினாள். "இந்தத் தடவ நின்னுருமுங்களா?" என்று கேட்டாள். அம்மா, "நிக்கோணும்" என்றாள். பிறகு நிலையத்துக்குப் போய் மிச்சக் குச்சிகளைப் பெரிய கேனுக்குள் இறக்கினாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு புளியமரத்து நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். மாமாவுக்குப் போன் போட்டுத் தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டாள். போனை அவன் வாயருகே வைக்கச் சொல்லிக் கேட்டாள். அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூடிய எதுக்குடி புடுங்குன?"

"தம்பிக்கு வேர்க்குரும்மா. உள்ள இருக்கற குளுர வெளிய விடலாம்னு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லம்மா."

அம்மா சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த ஒண்ணுமில்லாததுதான் இத்தன நாளு அதக் காப்பாத்திக்கிட்டிருந்துச்சு" என்றாள். அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

அடைப்பானை அம்மா திரும்பச் செருகிவிட்டாள். கேனில் வெற்றிடம் போய்விட்டது என்று எழுதிக்கொடுத்தாள். பழைய கேன், எதிர்பார்த்ததுதான் என்றாராம் கால்நடை டாக்டர். புதுக் கேன் வர ஆவணி ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு மாட்டுக்கும் நிலையத்துக்குப் போய்ப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டுதான் போனாள். அந்தத் தோட்டத்து மாடு சினை நின்றது. கிடாரிக் கன்று போட்டபோது சீம்பால் கொடுத்தனுப்பினார்கள்.

இப்போது நான் பெங்களூரில், விண்ணில் ஏவுவதற்கு முன் செயற்கைக்கோள் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் பாகத்தை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். உருளையின் உள்சுவர்களில் திரவ நைட்ரஜனை ஓடவிடுவோம். விளக்குகளால் வெயிலும் போடுவோம். வானவெளியை நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

மாமா சொன்னதில் பாதிதான் சரி. வானவெளியில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் ஒன்றுமில்லாத இடத்துக்கு நம்மைத் தொட்டுக் குளிர வைக்கவும் வழியில்லை. சூட்டை வாங்கிக்கொண்டுபோக அங்கே காற்று இல்லை. அம்மாவின் கேனிலும் வெளிச் சூட்டை உள்ளே விடாமல் காத்தது அதே ஒன்றுமில்லாததுதான். சூடு தானாகக் கதிராக வெளியேறினால்தான் உண்டு. அது மெதுவாகத்தான் நடக்கும். மேலே போன மனிதன் ஒரே நிமிஷத்தில் ஐஸ்கட்டி ஆவதில்லை. மூச்சுக்குக் காற்றில்லாமல் அதற்கு முன்பே போய்விடுவான். வெயில் படும் பக்கம் கொதிநீரைவிடச் சுடும். அதே பொருளின் நிழல் பக்கம் நூறு டிகிரிக்கும் மேலாக உறைநிலைக்குக் கீழே போகும். எங்களுக்குப் பெரிய தலைவலி குளிர் அல்ல, சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதுதான். இதை மாமாவிடம் ஒருமுறை விளக்கினேன். "அப்ப நான் சொன்னதும் பாதி சரிதான் அம்மிணி" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கத்தும். திரவ நைட்ரஜன் கொட்டினால் வாயுவாகிப் பல நூறு மடங்கு விரியும் என்றார் வகுப்பு எடுத்தவர். குளிர்ந்த வாயு கனமானது, தரையோடு தரையாகத் தேங்கி அங்கிருக்கும் காற்றைத் தள்ளிவிடும். நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, கீழே குனிந்தவன் எழுந்திருக்க மாட்டான். தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான் என்றார். பக்கத்திலிருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். தம்பி காலேஜிலிருந்து வந்துவிட்டானா என்று கேட்டேன். "வந்து தின்னுட்டுத் தூங்கறான். ஏன், எழுப்பட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

கேன் கெட்டுப்போன அந்தக் கோடை விடுமுறை முழுக்க, மத்தியானங்களில் தம்பி பாயில் தூங்கும்போதெல்லாம் அம்மா செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வருவாள். சத்தமில்லாமல் குனிந்து, அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். பிறகு எழுந்து போவாள். சற்று நேரத்தில் மறுபடி வருவாள். நான் விட்ட குளிரில் அவனுக்குச் சளி பிடித்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.